ஆறாவது பங்கு

2025 ஜூலை 6, ஞாயிறு

இன்றைக்கு மீன் இல்லை. இவர் கடலால் வரும்போது தலையில் ஒரு வெள்ளைப் பலகை. கதவளவு இருக்கும். மீராசாஹிபு காக்காவின் போட்டில் போன ஐந்து பேரும் ஆளுக்கொன்று தூக்கிக்கொண்டு வந்திருக்கிறார்கள். வலையில் பெரிதாக ஏதோ மாட்டியதாம். சுறா என்று நினைத்து இழுத்தார்களாம். வந்தது சுவர் மாதிரி ஒரு தகடு. வலை நடுவால் கிழிந்து போயிற்று.

கரைக்கு இழுத்து வந்து யாரிடமாவது சொன்னார்களா? இல்லை. மரம் அறுக்கிற வாள் எடுத்து ஆறாக அறுத்துவிட்டார்கள். ஐந்து ஆளுக்கு ஐந்து, போட்டுக்கு ஒன்று. வலையில் வந்தது எதுவென்றாலும் பங்கு வைத்துவிட்டுத்தான் கரையை விட்டு எழும்புவார்கள். சூரை மீனென்றாலும் அப்படித்தான், சுவரென்றாலும் அப்படித்தான்.

மகள் அம்ஹா பார்த்ததும் கத்தினாள். "வாப்பா, கையக் கழுவுங்க! இது றொக்கட்டுட தலை மூடி. செய்மதியப் பொத்திக்கிட்டு மேல போய், பொறகு கழண்டு விழுற."

"அப்ப ஆட்டுக்கொட்டிலுக்குக் கூரை போட ஏலாதா?" என்று கேட்டார் இவர். வலை போன கவலையிலும் எனக்குச் சிரிப்பு வந்தது.

ஜூலை 7, திங்கள்

பலகையின் வெட்டுவாயில் தேன்கூடு மாதிரிச் சின்னச் சின்ன அறைகள். ஒரு கையால் தூக்கலாம். மிதித்தால் வளையவே இல்லை. எந்த மூளை இதைச் செய்ததோ! பொறாமையாக இருக்கிறது. எரிச்சலாகவும் இருக்கிறது.

சீனிமுகம்மதுவின் தேத்தண்ணிக் கடையில் இதுதான் கதையாம். "சனம் பசியில கிடக்க, அரசாங்கங்கள் காச வானத்துக்கு எறியிறானுகள்" என்று ஒருவர் சொல்ல, எல்லாரும் தலையாட்டினார்களாம். இவரும் ஆட்டியிருக்கிறார்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. போன புயலுக்கு இரண்டு நாள் முந்தியே போட்டை மேலே ஏற்றினோமே, வானத்தில் நிற்கிற செய்மதி பார்த்துச் சொன்னதால்தானே? சுனாமியில் கூடப்பிறந்த என் ராத்தாவைக் கொடுத்தவள் நான். அன்றைக்கு ஒரேயொரு அறிவித்தல் வந்திருந்தால் அவளுக்கு இன்றைக்கு நாற்பத்தெட்டு வயது. காசு போடட்டும். இன்னும் போடட்டும். நான் கேட்பது வேறு.

ஜூலை 9, புதன்

வந்துவிட்டார்கள். யாரோ படம் பிடித்து முகநூலில் போட்டிருக்கிறான். ஜீப்பில் நாலு உத்தியோகத்தர்கள். அவர்களில் பெரியவர் நல்ல தமிழில்தான் கதைத்தார்.

"இது இன்னொரு நாட்டு அரசாங்கத்துட சொத்து. வெட்டினது குற்றம். விசாரணை முடியிற வரைக்கும் போட் கடலுக்குப் போகப்படாது."

அனுமதிப் பத்திரத்தை வாங்கிக்கொண்டார்கள். இவர் சாரத்தின் நுனியைத் திருகிக்கொண்டு நின்றார். நான்தான் வேலிக்குப் பின்னால் நின்று கேட்டேன்: "சேர், எங்கட வலைக்கு மேல விழுந்தது ஆருட குற்றம்?"

"விஞ்ஞானம் எண்டா கொஞ்சம் ஆபத்து இருக்கும்தானே தங்கச்சி. அவங்க வெறுங்கடலாப் பார்த்துத்தான் விழுத்துறாங்க."

"வெறுங்கடலா? அதுல அஞ்சு பேர் நிண்டாங்க சேர். ஒராள் இந்தா நிக்கிற என்ட மாப்பிள்ளை."

ஜீப் போன பிறகும் அந்தச் சொல் காதை விட்டுப் போகவில்லை. வெறுங்கடலாம். எங்கட மனிசர் என்ன, நுரையா?

ஜூலை 11, வெள்ளி

இன்றைக்கு எந்தப் போட்டும் போகாது, ஜும்ஆத் தொழுகை. அதனால் எங்கள் போட் மட்டும் கட்டிக் கிடப்பது தெரியவில்லை. நாளைக்குத் தெரியும்.

அம்ஹா விசாரித்து வந்தாள். றொக்கட் விடப்போகிறோம், இன்ன இடத்தில் துண்டு விழும் என்று அறிவித்தல் வந்துதான் இருக்கிறது. இங்கிலீசில். ஓர் அலுவலகத்துச் சுவரில் ஒட்டியிருந்ததாம். சுவர் எப்போது கடலுக்குப் போகும்?

ஜூலை 15, செவ்வாய்

விசாரணை. மீனவர் சங்கத்துக் கடிதங்களையெல்லாம் எழுதுவது நான்தான், ஆனால் பெயர் போடுவது ஆண்கள். இந்த முறை நானே போனேன்.

ஐந்து துண்டுகளைக் கொண்டுபோய்க் கொடுத்தோம். கூடவே கிழிந்த வலையையும் உரப்பையில் கட்டிக்கொண்டுபோய் மேசையில் வைத்தேன். அறை முழுக்கக் கவிச்சி. பெரியவர் கதிரையைப் பின்னால் தள்ளினார்.

"ஆறாவது துண்டு எங்க?"

"அது போட்டுட பங்கு சேர். போட்டுட பங்கு வலைக்கும் மிஷினுக்கும் எண்டுதான் எங்கட ஊர் வழக்கம். வலைக்கு ஒரு பதில் வரட்டும், துண்டும் வரும்."

சேதப்படுத்தியதை ஒத்துக்கொண்டு கையொப்பம் வைத்தால் பத்திரத்தை உடனே தருவதாகச் சொன்னார். இவர் பேனையை எடுத்துவிட்டார். நான் அவர் கையைப் பிடித்தேன். அத்தனை பேருக்கு முன்னால்.

பதிலுக்கு என் கடிதத்தை வைத்தேன். விழுகிற நாளைத் தமிழில், இரண்டு நாள் முந்தி, சங்கத்துத் தொலைபேசிக்குச் சொல்ல வேண்டும். கடைசியில் ஒன்று: முடிந்தால் வெள்ளிக்கிழமையில் விடச் சொல்லுங்கள், அன்றைக்குத்தான் எங்கள் கடல் உண்மையாகவே வெறுங்கடல்.

சின்ன உத்தியோகத்தர் ஒருவர் சிரிப்பை அடக்க இருமினார்.

ஜூலை 16, புதன்

இவர் என்னோடு கதைக்கவில்லை.

ஓகஸ்ட் 4, திங்கள்

கடல் எண்ணெய் ஊற்றியது போலக் கிடக்கிறது. மற்றப் போட்டெல்லாம் சூரையோடு வருகின்றன. எங்கள் வீட்டில் பருப்பு. மீராசாஹிபு காக்கா வந்து வாசலிலேயே நின்றார்.

"புள்ள, ஒரு கையொப்பம்தானே. கௌரவத்த ஆணம் காய்ச்சவா?"

இவரும் கடைசியில் வாயைத் திறந்தார். "ஒன்ட வீறாப்பால அஞ்சு குடும்பம் கரையில கிடக்கு, ஜெனூபா."

கிணற்றடிக்குப் போய் அழுதேன். நான் செய்வது பிழையா? அறுத்தது பிழைதான், ஓம். அதற்குத்தான் ஐந்து துண்டையும் கொடுத்தோமே. ஆனால் கையொப்பம் வைத்தால் என்ன ஆகும்? அடுத்த துண்டு வலையில் விழாமல் இவருடைய தலையில் விழுந்தாலும், சொத்தைச் சேதப்படுத்தினது தலைதான் என்று எழுதுவார்கள். வைக்கமாட்டன். பட்டினி கிடந்தாலும் வைக்கமாட்டன்.

அம்ஹா வந்து பக்கத்தில் குந்தினாள். "உம்மா, உயர்தரத்துக்குக் கணிதம் செய்யப் போறன். இந்த மூடியெல்லாம் எங்க விழும் எண்டு கணக்குப் பார்க்கிற வேலையும் இரிக்கி."

"அப்ப அந்தக் கணக்குல வாப்பாவையும் சேர்" என்றேன்.

ஓகஸ்ட் 19, செவ்வாய்

பத்திரம் திரும்பி வந்தது. கையொப்பம் இல்லாமல்! எச்சரித்து விடுவதாக ஒரு வரி. வலையைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. அதனால் ஆறாவது துண்டும் போகாது.

இவர் கடனுக்கு நூல் வாங்கி வந்து வலை பொத்தத் தொடங்கினார். தேத்தண்ணி கேட்டார். சீனி போதாது என்றார். பழையபடி கதைக்கத் தொடங்கிவிட்டார்.

செப்டெம்பர் 16, செவ்வாய்

சங்கத்துத் தொலைபேசிக்குச் செய்தி வந்திருக்கிறது. தமிழில். ஒரு வரியில் மூன்று எழுத்துப் பிழை, பரவாயில்லை. வியாழக்கிழமை, பின்னேரம் நாலு தொடக்கம் ஏழு வரை, இன்ன எல்லைக்குள் போக வேண்டாம். அதற்குக் கீழே: "மேற்படி கடலில் தொழில் செய்யும் மீனவர்களின் கவனத்திற்கு."

மீராசாஹிபு காக்கா அதைச் சங்கத்து ஒலிபெருக்கியில் இரண்டு தரம் வாசித்தார். "தொழில் செய்யும்" என்ற இடத்தில் குரலை உயர்த்தினார். நான் அடுப்படியில் நின்று கேட்டேன்.

செப்டெம்பர் 18, வியாழன்

போட்டெல்லாம் கரையில். பின்னேரம் பாதி ஊர் கடற்கரையில் நின்றது. கச்சான் கடலை விற்கிறவனுக்கு இன்றைக்குப் பெருநாள்.

இவர் மட்டும் மணலில் இருந்து வலை பொத்திக்கொண்டிருந்தார், நிமிராமல். வடக்கே ஒரு பொறி எழும்பியதும் அம்ஹா கத்தினாள். வெளிச்சம் மெல்லமாக, சத்தமே இல்லாமல், கடலுக்கு மேலால் போயிற்று. அழகுதான், பொய் சொல்ல மாட்டேன். திரும்பிப் பார்த்தேன். இவரும் ஊசியை வாயில் கவ்விக்கொண்டு மேலே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கெட்டித்தனம்தான்" என்றார். பிறகு, "நாளைக்கு வெள்ளி. ரெண்டு நாள் தொழில் இல்ல."

வெள்ளியில் விடச் சொன்னேன். ஒரு நாள் முந்தி விட்டுவிட்டார்கள். ஆறாவது பங்கு இன்னும் ஆட்டுக்கொட்டிலுக்குப் பின்னால் சாத்தித்தான் இருக்கிறது.

"போற வழியில ஒரு கொப்பி வாங்குவம், புள்ள" என்றார் இவர். "கடிதத்துக்கு. இந்தத் தடவ என்ட பேரையும் போடு."

வாங்கி வந்தோம். எண்பது பக்கம்.