காலி நாற்காலிக்கு ஒரு வேஷம்

அடேய் கோபக்காரா,

டைரக்டரோடு சண்டை போட்டு நீ ஊரைவிட்டுப் போன பிறகு, உன் வேஷத்துக்கு வேறு ஆள் வேண்டாம் என்று நான்தான் அடம்பிடித்தேன். அதனால் ஒத்திகையில் உன் இடத்தில் ஒரு காலி நாற்காலி. உன் வசனம் வரும் இடத்தில் கொஞ்சம் நிறுத்திவிட்டு மேலே பேசுவோம்.

இப்போது அந்த இடைவெளியில் எல்லோரும் சிரிக்கிறார்கள். "சூப்பர்யா! முன்னாடிகூட நீ இப்படிப் பண்ணினதில்ல" என்று டைரக்டர் நாற்காலியைப் பாராட்டுகிறார். கதாநாயகியாக நடிக்கும் வங்கிக்காரம்மா அதைப் பார்த்து வெட்கப்படுகிறாள். நாடகக் கூட்டமே கொஞ்சம் மறை கழன்றதுதான் என்று விட்டுவிட்டேன்.

இன்று ஒத்திகை முடிந்ததும் விளையாட்டாக, "வாடா, போகலாம்" என்று அந்த நாற்காலியிடம் சொன்னேன். வெளியே வந்து ஸ்கூட்டரில் ஏறியதும் பின்சீட் அமுங்கியது. மூட்டை தூக்கிக் கடை வைத்தவன் நான்; எடையில் என்னை ஏமாற்ற முடியாது. அது உன் எடை.

வீட்டில் என் பெண்டாட்டி கதவைத் திறந்து, என் தோளுக்குப் பின்னால் பார்த்து, "வாங்கண்ணா, எவ்ளோ நாளாச்சு!" என்றாள். இன்னும் கூடத்தில் பேசிக்கொண்டிருக்கிறாள்.

போனைத்தான் நீ எடுப்பதில்லை. கோபம் இருந்துவிட்டுப் போகட்டும். நீ போன ஊரிலிருந்து, "இங்கதான்டா இருக்கேன்" என்று உன் கையால் ஒரு வரி எழுதிப் போடு.

உன்,
சிமெண்டுக் கடைக்காரன்