டிஸ்க்கில் இல்லாதது சிப்பில் இல்லை

மார்ச் 7, 1989. செவ்வாய்

காலையிலிருந்து மப்பு. மொட்டை மாடித் தட்டில் பழைய சிப்புகள், திரும்ப எழுத வெயிலில் வைத்தவை, உள்ளே இருப்பது இன்னும் அழியவில்லை. அழிக்கிற விளக்கு கொழும்பில். நல்லூரில் எங்களுக்குச் சூரியன்தான். சூரியனுக்கும் இன்று லீவு.

மத்தியானம் நீர்வேலி செல்வராணி அக்கா வந்தா. வாழைத் தோட்டக்காரி. வோல்டேஜ் குறைந்தால் பம்பை ஓட விடாத பெட்டி ஒன்று அவவுக்குச் செய்து கொடுத்தோம்; அதைக் கழற்றிக்கொண்டு வந்திருக்கிறா. வயரிங் ராசன் அண்ணை (ரா.அ.), றேடியோ திருத்தும் கடையும் அவருடையது. சிப்புக்குள் இருக்கும் புரோகிராம் என்னுடையது.

"உங்கடை பெட்டி இருக்கேக்கைதான் பிள்ளை மோட்டர் எரிஞ்சது. திருப்பிச் சுத்தி எடுத்தாச்சு. இன்னொருக்கால் எரிஞ்சால் வாழையை மறக்க வேண்டியதுதான்."

முகத்தில் அடித்த மாதிரி. என் புரோகிராம் அப்படிச் செய்யாது. நல்ல காலம், கறண்ட் இருந்தது. டிஸ்க்கில் இருக்கும் என் புரோகிராமைக் கொம்பைல் பண்ணி, சிப்புக்குப் போகும் எண்களாக்கி, அவவின் சிப்போடு ஒத்துப் பார்த்தேன். ஒத்து வரவில்லை!

ரா.அ. தலையைச் சொறிந்தார். "பம்ப் ஸ்ராட் ஆகுதில்லை எண்டு உவதான் கத்தினவ. நான் வோல்டேஜ் எல்லையைக் கொஞ்சம் குறைச்சு, சிப்பிலை மேலாலை எழுதி விட்டனான். கறண்ட் இருக்கிற நேரத்துக்குள்ளை முழுசையும் ஆர் திரும்பக் கொம்பைல் பண்ணுறது?"

எனக்குச் சொல்லவில்லை. டிஸ்க்கிலும் இல்லை. அவருடைய தலைக்குள் மட்டும்.

மார்ச் 8. புதன்

கடைச் சுவரில் சட்டம் எழுதி ஒட்டினேன்:

வெளியே போகும் சிப் டிஸ்க்கிலிருந்து மட்டும். கொம்பைலரும் அதே டிஸ்க் பெட்டியில். ஹார்ட் டிஸ்க்கைத் துடைத்து, முதலிலிருந்து இரண்டு தரம் கொம்பைல். இரண்டும் ஒன்றாக வராவிட்டால் சிப் இல்லை.

"ரெண்டு தரமோ? கறண்ட் வாற நேரம் முழுக்க உதுக்கே போயிடும். றேடியோ திருத்த வந்தவையள் வாசலிலை நிக்கினம்," என்றார் ரா.அ.

எரிச்சல்தான், ஆனால் நியாயம். இறங்கி வந்தேன்: கடைக்குள் சோதிக்கும்போது மாற்றிய துண்டை மட்டும் கொம்பைல் பண்ணலாம். வாசல் தாண்டுவதென்றால் முழுசு. இதற்கு மேல் இறங்க மாட்டேன்.

சவர்க்காரம், அம்மாவுக்குத் தைலம். இரண்டும் வாங்க மறந்து போனேன்.

மார்ச் 10. வெள்ளி

நல்ல வெயில். கொம்பைல் முதல் தரம் முடிந்தது. இரண்டாவது பாதியில் கறண்ட் போயிற்று. வாய்க்கு வந்தபடி திட்டினேன். வெள்ளிக்கிழமை என்றும் பார்க்கவில்லை.

செல்வராணி அக்கா கடை வாசல் வாங்கில் இருந்தா. வாளியால் இறைத்து உள்ளங்கை எல்லாம் கொப்புளம். "குலை தள்ளுற நேரம் பிள்ளை..."

"ஒருதரம் வந்ததே காணும். சிப்பிலை எழுதிக் குடு," என்றார் ரா.அ.

"ஏலாது அண்ணை. டிஸ்க் பழசு. ஒருக்கால் பிழையா வாசிச்சிருந்தால் எப்பிடித் தெரியும்?"

"மனச்சாட்சி இல்லையோ உனக்கு?"

இருக்கிறது. அந்தக் கையைப் பார்க்க முடியவில்லை. ஆனால் இன்னொரு மோட்டர் எரிந்தால்? சிப் எழுதும் மெஷினின் வயரைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். திமிர் என்றார். ஓம், திமிர்தான்.

மார்ச் 12. ஞாயிறு

நேற்றுப் பின்னேரம் கறண்ட் போகாமல் நின்று பிடித்தது. இரண்டு தரமும் ஒன்று. வயரைத் திரும்பப் பூட்டிச் சிப் எழுதியாச்சு.

இன்று நானும் ரா.அ.வும் நீர்வேலிக்குச் சைக்கிளில். சென்ரிக் காவலரணில் இந்திய ஆமிக்காரன் பெட்டியைக் கண்டு துவக்கை நிமிர்த்தினான். "பம்ப், பம்ப்" என்று தண்ணீர் இறைப்பது போல் நடித்துக் காட்டினேன். சிரித்துவிட்டான்.

தோட்டத்தில் வோல்டேஜ் குறைவு, பல்ப் மங்கல். பெட்டி பம்பை விடவில்லை.

"பாத்தியோ?" ரா.அ.

பல்ப்பையே பார்த்துக்கொண்டு நின்றேன். கொஞ்சத்தில் வெளிச்சம் ஏறியது, பம்ப் தானாகப் பிடித்தது. வாய்க்காலில் தண்ணீர். அக்கா கையைத் தண்ணீருக்குள் வைத்துக்கொண்டு குந்தியிருந்தா. அழுகை வந்தது. காட்டவில்லை.

திரும்பும் வழியில் ரா.அ. சைக்கிளை நிற்பாட்டினார். "நாளையிலையிருந்து நீ வரத் தேவையில்லை. என்ரை கடைச் சுவரிலை சட்டம் எழுத நீ ஆர்?"

என் பையிலிருந்து டிஸ்க் பெட்டியை எடுத்து அவருடைய சைக்கிள் கரியரில் வைத்துக் கட்டினேன். புரோகிராம், கொம்பைலர், ஒன்று குறையாமல்.

"நீ இல்லாட்டி ஓடாது எண்டு நினைக்கிறியோ?"

"ஓடும் அண்ணை. நான் இல்லாட்டிலும் ஓட வேணும் எண்டுதான் இவ்வளவு சண்டையும் பிடிச்சனான்."