ஞாயிறு மூன்று மணிப் படம்

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நல்லபடியாக இருப்பாய் என்று நம்புகிறேன். அப்பாவுக்கு முழங்கால் வலி தேவலை, லிஃப்ட் ரிப்பேர் வேலையை விட்ட பிறகும் எந்த மாடியில் லிஃப்ட் நின்றாலும் இவரைத்தான் கூப்பிடுகிறார்கள், இவரும் பையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார். உன் அக்கா புது வீட்டுக்குப் போய்விட்டாள், தண்ணீர் வசதி பரவாயில்லையாம். நான் வேலை பார்க்கும் பல் கிளினிக்கில் நாள் முழுக்க எல்லோரிடமும் தேனாகப் பேசிவிட்டு வீட்டுக்கு வந்து எரிந்து விழுகிறேன் என்று அப்பா குறைப்படுகிறார். இந்த வாரம் நான் எரிந்து விழுந்ததற்குக் காரணம் நீதான்.

நீ வேலைக்காக வெளியூர் போனதிலிருந்து ஞாயிறு மூன்று மணிக்குப் போனில் பேச்சைத் துண்டிக்காமல் வைத்துக்கொண்டு, நீ அங்கே நான் இங்கே, ஒரே நேரத்தில் ஒரே பழைய படத்தைப் போட்டுப் பார்ப்பது நம் வழக்கம். யாராவது கதவைத் தட்டினால் நிறுத்துடா என்பேன், நிறுத்திட்டேம்மா என்பாய். போன ஞாயிறு சைக்கிள் கடைப் படம் என்று உன்னிடம் சொல்லிவிட்டு, கைத்தவறுதலாக ஒரே வீட்டுக்கு இரண்டு குடும்பம் குடிவரும் படத்தைப் போட்டுவிட்டேன். சொன்னதே எனக்கு மறந்துபோய்விட்டது. ரெண்டு குடும்பமும் ஆளுக்கொரு சாவியோட வாசல்ல நிக்கறதைப் பாரேன் என்று நான் சிரித்தால், ஆமாம்மா இப்பதான் பார்த்தேன், சிரிப்பு தாங்கலை என்றாய். கடைசியில் போனை வைக்கும்போது, சைக்கிள் கடைப் படம் எத்தனை தடவை பார்த்தாலும் சலிக்காதும்மா என்று நீயாகச் சொன்னாய். அப்போதுதான் எனக்கு உறைத்தது. நீ எந்தப் படத்தையும் போடவே இல்லை. அப்பாவிடம் சொன்னால் அவர் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார், அவனுக்குத் துணி துவைக்க, கடைக்குப் போக ஞாயிறு ஒண்ணுதான் இருக்கு, நீ மனசு கஷ்டப்படுவேன்னு சொல்ல வேண்டாம்னான் என்கிறார். ஆறு மாதமாகக் கூட்டாளிகள் இரண்டு பேரும் என்னை நன்றாக முட்டாளாக்கியிருக்கிறீர்கள்.

படம் பிடிக்கவில்லை என்று சொல்லியிருந்தால் இரண்டு நாள் முறைத்துக்கொண்டு இருந்துவிட்டுப் பிறகு மறந்திருப்பேன். நீ தண்ணீர் குடிக்கப் போகிறேன் என்றபோதெல்லாம் நானும் நிறுத்திவிட்டு, அசையாத படத்தைப் பார்த்துக்கொண்டு உனக்காக உட்கார்ந்திருந்தேனே, அதை நினைத்தால்தான் வயிறு எரிகிறது. அந்தப் படங்களில் என்ன இருக்கிறது என்று அக்கா கேலி செய்வாள். வெட்டுக் குத்து இல்லை, கெட்டவன் என்று ஒருத்தன்கூட இல்லை, இருக்கிறவர்களே ஒருத்தரிடம் ஒருத்தர் மறைப்பார்கள், ஆனால் மறைத்தவனே தாங்க மாட்டாமல் வந்து அம்மா நான் பொய் சொன்னேன் என்று நிற்பான். எத்தனை முறை பார்த்தாலும் அந்த இடத்தில் எனக்குக் கண் நிறையும். நீ அப்படி வந்து நிற்கவில்லை, நானாகத்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

கோபம் இருந்தாலும் நீ தீர்க்காயுசாக, யாருக்கும் தலைகுனியாமல் வாழ வேண்டும் என்பதுதான் என் ஆசீர்வாதம். குளிருக்குக் காதை மூடிக்கொள். இதற்குப் பதில் இரண்டு வரியானாலும் உன் கையெழுத்தில் கடிதமாகப் போடு. போன் வேண்டாம். போனில் நீ இருக்கிறாயா இல்லையா என்று எனக்கு இனித் தெரியாது.

இப்படிக்கு,
உன் அம்மா