குளிர் அறையில் உள்ள மண் பனிக்கட்டிகளை உருக்காமல் காக்கக் கோரும் மனு

அனுப்புநர்:
நுண்ணுயிர் ஆய்வாளர்,
கீழ்த்தள ஆய்வகம்.

பெறுநர்:
இயக்குநர் அவர்கள்,
பனி ஆய்வு நிலையம்.

பொருள்: பனியாற்றின் அடியிலிருந்து எடுத்த மண் கலந்த கட்டிகளை அப்புறப்படுத்தும் ஆணையை நிறுத்தக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. குளிர் அறையில் இடம் போதவில்லை என்பதால் ‘அழுக்கான கட்டிகளை’ வரும் திங்கட்கிழமை உருக்கி அகற்றுமாறு ஆணையிட்டிருக்கிறீர்கள். அந்த அறையில் அழுக்காக இருப்பவை என்னுடையவை மட்டுமே.

2. பனியாறு பாறையை அரைத்துக்கொண்டே நகர்வதால், அதன் அடிப்பகுதியில் மண்ணும் கல்லும் கலந்து உறைந்திருக்கும். பனிக்குள் சிக்கிய பழைய காற்றுக் குமிழிகளை ஆராயும் மற்றவர்களுக்குத் தெளிந்த பனிதான் தேவை. பனியில் இடும் துளையில் மண் தட்டியதும், “மண்ணு வந்துருச்சு, மூட்டையக் கட்டுங்க” என்பார் துளைப்பு மேற்பார்வையாளர். எனக்கு வேலை அங்கேதான் தொடங்குகிறது. வெயிலையே பார்க்காத நுண்ணுயிர்கள், அரைபட்ட கல்லிலிருந்து வருவதைத் தின்று அந்த மண்ணில் உயிரோடிருக்கின்றன. எப்படி என்று எனக்கும் முழுதாகத் தெரியாது. அதைத் தெரிந்துகொள்ளத்தான் இத்தனை பாடு.

3. ஆணை வந்த மறுநாள், கிடங்குப் பொறுப்பாளர் என் கட்டிகளில் ஒன்றையாவது காப்பாற்ற நினைத்து, அதன் மண் பகுதியெல்லாம் உருகிப் போகும்வரை குழாய்த் தண்ணீரில் தேய்த்துக் கழுவிவிட்டார். “ஒரே மண்ணா இருந்துச்சும்மா, பளிச்சுனு ஆக்கிட்டேன். இனிமே யாரும் தூக்கிப் போட மாட்டாங்க” என்று அவர் சொன்னபோது எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தன. கட்டி கண்ணாடி போல இருக்கிறது. ஆராய வேண்டியதெல்லாம் சாக்கடையோடு போய்விட்டது. அவர்மேல் நடவடிக்கை எதுவும் வேண்டாம். இந்த நிலையத்தில் எனக்கு நல்லது செய்ய நினைத்தவர் அவர் ஒருவர்தான்.

4. இடம் கொடுத்தால் மடத்தைப் பிடுங்குவேன் என்று குழுவில் பேசிக்கொள்வதாகக் கேள்விப்பட்டேன். நான் கேட்பது கதவோரத்து அடித்தட்டு ஒன்றுதான். என் கணவர் வீட்டு ஃப்ரிட்ஜையே காலி செய்து தருவதாகச் சொன்னார். மின்சாரம் ஒருமுறை போனால் அவ்வளவுதான் என்பதால் மறுத்துவிட்டேன்.

5. மறுபடி போய் எடுத்து வரலாமே என்று தாங்கள் நினைக்கலாம். நாங்கள் துளையிட்ட பனியாற்று முனை சென்ற கோடையில் உருகிவிட்டது. அங்கே இப்போது ஏரிதான் இருக்கிறது. அந்தப் பனியில் மிஞ்சியிருப்பது, கழுவியது போக, நம் குளிர் அறையில் உள்ள மூன்று கட்டிகள் மட்டுமே.

ஆகவே ஆணையை நிறுத்திவைக்குமாறு பணிந்து கேட்கிறேன். முடியவே முடியாதென்றால், உருக்கும் வேலையை வேறு யாரிடமும் கொடுக்காமல் என்னிடமே தாருங்கள். உருகி வரும் தண்ணீரையாவது ஏந்திப் பிடித்துக்கொள்கிறேன்.

இடம்: கீழ்த்தள ஆய்வகம்
நாள்: வெள்ளிக்கிழமை

தங்கள் பதிலை எதிர்நோக்கும்,
(கையொப்பம்)
நுண்ணுயிர் ஆய்வாளர்