நீ வாங்கி வைத்துவிட்டுப் போன பிஸ்டல்

டன்வுட் கவுண்டி, மிசௌரி
மே 9, வியாழக்கிழமை

அன்புள்ள லீலண்டுக்கு,

வெர்னா எழுதுவது. நான் இங்கே நலம் என்று ஆரம்பிப்பதுதான் வழக்கம். இந்த முறை அது பொய்யாகிவிடும், அதனால் விட்டுவிடுகிறேன். வடக்கு டகோட்டாவில் அந்த எண்ணெய்க் கிணற்றடியில் நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாய் என்று நம்புகிறேன். இதையெல்லாம் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நம் பிள்ளை பெயரை எடுத்தாலே, "இங்க சிக்னல் சரியில்ல வெர்னா" என்று சொல்லி வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது. கிழித்துப் போடலாம். கிழிப்பதாக இருந்தால் முழுக்கப் படித்துவிட்டுக் கிழி.

வீட்டுச் செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். சிவப்புப் பசு ஈன்றது, கிடாரிக் கன்று. ஓடையில் இரண்டு தடவை வெள்ளம் வந்து ஓடைக்கரை வேலியை இழுத்துக்கொண்டு போனது. என் தங்கை ஓபலின் வீட்டுக்காரர் டூயி வந்து கட்டிக் கொடுத்தார். கொட்டகைக் கூரையில் தகரம் ஒன்று காற்றுக்குப் படபடக்கிறது. ஆணி அடிக்க வேண்டியவன் ஆயிரம் மைலுக்கு அப்பால் இருக்கிறான்.

இப்போது அந்தப் பிஸ்டல்.

ஜனவரியில் நீ கிளம்பும்போது என்ன சொன்னாய் என்று நினைவிருக்கிறதா? பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, என் முகத்தைப் பார்க்காமல், "தனியா இருக்கப்போற. கட்டில் பக்கத்து டிராயர்ல ஒரு பிஸ்டல் வச்சிருக்கேன். பழசுதான், ஆனா நல்ல சாமான்" என்றாய். நானும் சரி என்றேன். துப்பாக்கி இல்லாத வீட்டில் நான் வளரவில்லை. என் அப்பா என்னை மரக்கட்டையில் உட்கார வைத்து மான் சுடக் கற்றுக்கொடுத்தது உனக்குத் தெரியும். ஆகவே இது ஏதோ பயந்துபோன பெண்பிள்ளை எழுதும் கடிதம் என்று நினைக்காதே. எனக்குப் பயமில்லை. கோபம். அதுவும் பாதி உன் மேல்தான்.

சென்ற மாதக் கடைசியில் ஓநாய் நரிகள் கன்றைச் சுற்ற ஆரம்பித்தன. கோட்டுப் பையில் வைத்துக்கொள்ளத் தோதாக இருக்கும் என்று போன வாரம் டிராயரைத் திறந்து அதை எடுத்தேன். முழுக்க இரும்பு. இப்போது வருகிற பிளாஸ்டிக் பிடிக்காரர்களுக்கு இந்தக் கனம் தெரியாது. குழாய் முனையில் கறுப்பெல்லாம் தேய்ந்து வெள்ளை தெரிந்தது. தோல் உறையிலிருந்து பல வருஷம் உருவி உருவித் தேய்ந்த தேய்ப்பு அது. யாரோ தினமும் இடுப்பில் கட்டிக்கொண்டு திரிந்த பொருள் என்று அப்போதே எனக்குத் தெரிந்தது. யார் என்றுதான் யோசிக்கவில்லை.

கீழ் வயலில் வேலிக் கம்பத்தின் மேல் சூப் டப்பாக்களை வைத்துச் சுட்டுப் பார்த்தேன். முதல் குண்டுக்கு விசையை இழுத்தால் அது வந்துகொண்டே இருக்கிறது, வந்துகொண்டே இருக்கிறது, கை நடுங்கும்வரை இழுத்த பிறகுதான் வெடித்தது. டப்பாவுக்கு ஒரு முழம் தள்ளிப் போனது குண்டு. இரண்டாவதற்கு விரலை வைத்ததும் பட்டென்று போய்விட்டது. பழைய மாடல்கள் அப்படித்தான், முதல் இழுப்பு நீளம், அப்புறம் அதுவே சுத்தியலைப் பின்னால் தள்ளி வைத்துக்கொள்ளும் என்று எங்கோ கேட்டிருக்கிறேன். அதற்குமேல் அப்போது ஒன்றும் தோன்றவில்லை. சமையலறை மேசையில் பழைய துண்டை விரித்து, பிரித்து, எண்ணெய் போட்டுத் துடைத்தேன். அப்போதுதான் பக்கவாட்டில் அழுக்கு படிந்திருந்த எழுத்துக்கள் தெரிந்தன.

டன்வுட் கவுண்டி ஷெரீப்.

நான் அதைத் துண்டோடு சுருட்டித் தள்ளி வைத்துவிட்டு, கையை மூன்று தடவை சோப்புப் போட்டுக் கழுவினேன். என் வீட்டில், நான் தலை வைத்துப் படுக்கும் இடத்துக்குப் பக்கத்தில், நம் வெஸ்லியைக் கொன்றவர்களின் பிஸ்டலை வாங்கி வைத்திருக்கிறாய். பத்தொன்பது வயதுப் பிள்ளை. ராத்திரியில் போலீஸ் வண்டியை மறித்தபோது, டேஷ்போர்டில் கிடந்த சிகரெட் பாக்கெட்டை எடுக்கக் கை நீட்டியவன்.

நம் ஊரில் துப்பாக்கி விற்பது ஆர்வில் ஒருவர்தான், அன்றைக்கே அவர் கடைக்குப் போனேன். மீன்தூண்டில் பலகைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவர், என் கையில் இருந்த துண்டைப் பார்த்ததும் எழுந்துவிட்டார். "வெர்னா, அவன் உங்கிட்ட சொல்லிட்டுத்தான் வாங்குறான்னு நினைச்சேன்" என்றார். "நீ நினைச்சதை யார் கேட்டது ஆர்வில், நடந்ததைச் சொல்லு" என்றேன்.

ஷெரீப் ஆபீசுக்குப் புதுப் பிஸ்டல்கள் வந்தனவாம். பழையதையெல்லாம் மொத்தமாகக் கடைக்குத் தள்ளிவிட்டார்களாம். செய்தி தெரிந்த மறுநாளே நீ வந்து நின்றாயாம். "என் பையனைச் சுட்டப்போ ராய்ஸ் ஹாட்லி வச்சிருந்தது எது?" என்று கேட்டாயாம். அவர், "அது இதுல இல்ல லீலண்ட். போலீஸ்காரனுங்க அவனவன் வச்சிருந்ததை முதல்ல கேட்டு வாங்கிக்கலாம். ஹாட்லி வேலைய விட்டவன்தான், ஆனா அவனும் வந்து வாங்கிட்டுப் போயிட்டான்" என்றாராம். நீ தட்டில் கிடந்த மற்றவற்றைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "அப்ப அதே மாதிரி ஒண்ணு குடு. எல்லாம் ஒரே வகைதானே" என்றாயாம்.

எதுக்கு அதே மாதிரி என்று நான் ஆர்விலைக் கேட்டேன். அவர் தூண்டில் முள்ளை அடுக்க ஆரம்பித்தார்.

வீட்டுக்குப் போகாமல் நேரே கீழ் வயலுக்குத்தான் போனேன். அதே வேலிக் கம்பம். கம்பத்துக்கு எதிரே புல்லுக்குள் காலி ரவைக்கூடுகள் கிடந்தன. நான் சுட்டவை பளபளவென்று கிடந்தன. அவற்றுக்கு நடுவே இன்னும் சில, மழையிலும் பனியிலும் கறுத்துப் போனவை. எல்லாம் உன்னுடையவை லீலண்ட். நீ வாங்கினாய், இங்கே வந்து சுட்டாய், தெரிந்துகொண்டாய். அப்புறம் அதை டிராயரில் போட்டுவிட்டு வடக்கே ஓடிவிட்டாய்.

நீ செய்ததையே நானும் செய்தேன். ஒரு குண்டு சுடுவது, சுத்தியலை மெதுவாக இறக்கி வைப்பது, மறுபடி முதல் இழுப்பு. மறுபடி. ஒரு தடவைகூட அது சறுக்கவில்லை. காலடியில் கல்லை வைத்து இடறிக்கூடப் பார்த்தேன். பைத்தியக்காரி மாதிரி வயலில் இடறி இடறி விழுந்தேன். அப்போதும் விரல் முழு இழுப்பும் இழுத்தால்தான் வெடிக்கிறது.

கோர்ட்டில் அவன் சொன்ன வார்த்தை உனக்கு மறந்திருக்காது. "இருட்டு. அவன் கைய நீட்டினான். நான் பிஸ்டலை உருவினேன். கால் இடறி விரல் சறுக்கிடுச்சு." ஜூரி அதைக் கேட்டுவிட்டு அவனை வீட்டுக்கு அனுப்பியது. ஒரே ஒரு குண்டு. முதல் குண்டு. சறுக்கிவிட்டது என்ற அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு நான் நாலு வருஷம் உயிரோடு இருந்தேன். சர்ச்சில் அவன் வந்து உட்கார்ந்தபோதுகூட நான் எழுந்து போகவில்லை. விபத்துதானே, அவனும் ஒரு தாய்க்குப் பிள்ளைதானே என்று பல்லைக் கடித்துக்கொண்டு பாட்டுப் பாடினேன்.

மறுநாள் காலை அவன் வீட்டுக்குப் போனேன். இதைப் படித்ததும் நீ எழுந்து நிற்பாய் என்று தெரியும். உட்கார். போனேன், வந்துவிட்டேன், ஒரு குண்டும் வெடிக்கவில்லை. தோட்டாவையெல்லாம் வீட்டிலேயே எடுத்து வைத்துவிட்டுத்தான் போனேன்.

அவன் இப்போது தீவனக் கடையில் மூட்டை ஏற்றுகிறான். இளைத்துப் போயிருக்கிறான். அவன் மனைவி நோரீன்தான் கதவைத் திறந்தாள். "உள்ள வாங்க மிஸ் வெர்னா" என்று வழிவிட்டாள். அவன் காலைச் சாப்பாட்டில் உட்கார்ந்திருந்தான். தட்டை நகர்த்திவிட்டு அந்தப் பிஸ்டலை மேசைமேல் வைத்தேன். தோட்டாக்கூட்டை உருவி, உள்ளே காலி என்று அவன் கண்ணாலேயே பார்க்க வைத்தேன். "உன்னோடது இல்ல. ஆனா அதோட கூடப்பிறந்தது" என்றேன். "எடு. எப்படிச் சறுக்குச்சுன்னு எனக்கு ஒரு தடவை செஞ்சு காட்டு."

அவன் தொடவில்லை. இரண்டு கையையும் மேசைக்கடியில் வைத்துக்கொண்டான்.

"எடுடா" என்றேன். "நான் நேத்து முழுக்க முயற்சி பண்ணினேன். எனக்கு வரல. நீ பயிற்சி எடுத்தவன். சொல்லிக் குடு."

சமையலறைத் தொட்டியில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. நோரீன் அதை நிறுத்தினாள். அப்புறம் அவன் பேசினான். "சறுக்கல, மிஸ் வெர்னா. நான்தான் இழுத்தேன். அவன் கை உள்ள போனதும் பயந்துட்டேன். இடறினேன்னு சொல்லச் சொன்னது வக்கீல். அதையே சொல்லிச் சொல்லி, கொஞ்ச நாள் நானே நம்பினேன்."

"அப்ப உன்னோட பிஸ்டலை எதுக்கு வாங்கிட்டுப் போன?" என்று அவனைக் கேட்டேன். "அதை வேற யாரும் வாங்கி வீட்ல வச்சிக்கக் கூடாதுன்னு" என்றான். அழுதான். எனக்கு இரக்கம் வரவில்லை. இரக்கம் வந்துவிடுமோ என்றுதான் போகும்போது பயந்தேன். வரவில்லை. இதை என்னிடம் சொல்லிப் பிரயோசனமில்லை, ஷெரீப்பிடமும் அரசு வக்கீலிடமும் போய்ச் சொல் என்றேன். அவன் முணுமுணுக்க ஆரம்பித்தான். கேஸ் முடிந்துவிட்டது, தனக்கு ரெண்டு பெண் குழந்தைகள், ஜெயில் என்று என்னென்னவோ.

நான் வாய் திறப்பதற்குள் நோரீன் வந்து நின்றாள். ஈரக் கையைக்கூடத் துடைக்கவில்லை. "நாலு வருஷமா நான் ஒரு விபத்தோட குடித்தனம் பண்றேன்னு நினைச்சுட்டு இருந்தேன்" என்றாள். "நாளைக்கு நீ போற ராய்ஸ். நீ போகலன்னா நான் போறேன். நான் போனா, நீ சொல்றதைவிட மோசமாத்தான் சொல்லுவேன்."

போனான் லீலண்ட். மறுநாளே போனான், அவள்தான் வண்டி ஓட்டினாள். இப்போது இருக்கும் ஷெரீப் புதியவர், வெளியூர்க்காரர். கதவைச் சாத்திவிட்டு, சொன்னதையெல்லாம் பதிவு செய்துகொண்டாராம். மாநிலத்திலிருந்து ஒரு பெண் அதிகாரி வருகிறாள். ஜூன் முதல் வாரத்தில் நம் இருவரையும் விசாரிக்க வேண்டுமாம். ஜூரி விட்ட கேஸை அப்படியே திரும்ப எடுக்க முடியாதாம், கோர்ட்டில் பொய் சொன்னதற்கு வழக்குப் போட முடியுமா என்று இப்போதே சொல்ல முடியாது என்று போனில் சொன்னாள். ஆனால் இதுவரை நம்மிடம் பேசிய எவரும் பேசாத மாதிரி பேசினாள். "உங்க மகன்" என்று சொல்லவில்லை. "வெஸ்லி" என்றாள்.

சரி, இனி உன்னிடம் வருகிறேன்.

வாயால் சொல்ல முடியாததை என் விரலுக்குத் தெரியட்டும் என்றா டிராயரில் வைத்துவிட்டுப் போனாய்? முப்பது வருஷம் உன்னோடு ஒரே கட்டிலில் படுத்தவள் நான். அவனைப் பெற்றவள். ஜனவரியிலேயே தெரிந்த விஷயத்தை மே மாதம் வயலில் தனியாக நின்று தெரிந்துகொள்ள வேண்டிய அவசியம் எனக்கு என்ன? என் மனசு தாங்காது என்று நினைத்தாயா? தாங்காமல் ஓடியது யார்? ஈஸ்டருக்குக்கூட நீ வரவில்லை. பன்றித் தொடையைச் சுட்டு வைத்துக்கொண்டு மேசையில் தனியாக உட்கார்ந்திருந்தேன். ஓவர்டைம் கொடுக்கிறார்கள் என்று சொன்னாய். உன்னுடன் வேலை பார்க்கும் ஹோமரின் மனைவியைச் சந்தையில் பார்த்தேன். அந்த வாரம் அங்கே எல்லோருக்கும் விடுமுறை என்றாள். உனக்குப் போக ஒரு வீடு இருந்தது. நீ போகவில்லை.

இன்னொன்றும் கேட்கிறேன். விசையைத் தெரிந்துகொள்ள மட்டும்தான் அதை வாங்கினாயென்றால், தெரிந்த அன்றைக்கே ஆர்விலிடம் திருப்பிக் கொடுத்திருப்பாய். நீ கொடுக்கவில்லை. தோட்டாக்கூட்டை நிரப்பி வைத்திருந்தாய். என் காவலுக்கு என்று சொல்வாய். எனக்குக் காவலுக்குச் சுவரில் அப்பாவின் துப்பாக்கி இருக்கிறது, நீயே எண்ணெய் போடுவாய். ஆர்வில் இன்னொன்றும் சொன்னார். கிளம்பும்போது வாசலில் திரும்பி நின்று, ஹாட்லி தீவனக் கடையிலிருந்து எத்தனை மணிக்கு வெளியே வருகிறான் என்று கேட்டாயாம். அதைச் சொல்லும்போது ஆர்வில் என் முகத்தைப் பார்க்கவில்லை. நானும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

ஒருவேளை அதனால்தான் ஆயிரம் மைல் தள்ளிப் போய் உட்கார்ந்திருக்கிறாயோ என்று இரண்டு நாளாக எனக்குத் தோன்றுகிறது. அப்படியென்றால் உன்னைப் பற்றி நான் மேலே எழுதியதில் பாதியை அழிக்க வேண்டும். அழிக்கப் போவதில்லை. நீயே வந்து, இல்லை என்றோ ஆமாம் என்றோ என் முன்னால் நின்று சொல்.

பிஸ்டல் இப்போது நம் வீட்டில் இல்லை. ஓபலின் வீட்டு இரும்புப் பெட்டியில் பூட்டி வைத்திருக்கிறேன். சாவி என்னிடம் இருக்கிறது, கேட்டாலும் தரமாட்டேன். தோட்டாக்களை டூயி எடுத்துக்கொண்டு போய்விட்டார். அந்தப் பெண் அதிகாரி வந்து பார்க்க வேண்டும் என்றால் காட்டுவேன். எல்லாம் முடிந்த பிறகு அதை அறுத்துப் போடுவதா என்பதை நீ என் பக்கத்தில் நின்று முடிவு செய். நான் தனியாகச் செய்ததெல்லாம் போதும்.

இந்தக் கடிதம் வந்து சேர்ந்ததும் மேஸ்திரியிடம் சொல்லிவிட்டுக் கிளம்பு. வரும் வழியில் எங்கும் நிற்காதே. ஊருக்குள் நுழையும்போது தீவனக் கடைத் தெரு வழியாக வராதே, பாலத்துப் பக்கமாகச் சுற்றிக்கொண்டு வா. நேரே வீட்டுக்கு வா. உன்னோடு நான் போட வேண்டிய சண்டை நிறைய பாக்கி இருக்கிறது லீலண்ட், வருஷக்கணக்கில் போடும் அளவுக்கு இருக்கிறது. அதை ஜெயிலில் கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து டெலிபோனில் போட எனக்கு விருப்பமில்லை. இந்தச் சமையலறையில், நீ எதிரே உட்கார்ந்திருக்கும்போது போட வேண்டும்.

தூக்கம் வந்தால் வண்டியை ஓரம் கட்டித் தூங்கிவிட்டு வா. கடவுள் உன் கையைக் காக்கட்டும்.

கோபம் தீராத உன்
வெர்னா