எழுத்து இல்லாத கலியாணம்

மார்ச் 11, செவ்வாய்

நித்திரை வரவில்லை, சிரிப்புத்தான் வருகிறது.

வாரிசு வரிச் சட்டம் மாறிவிட்டதாம், இனி வரியை நாங்களே கணக்குப் பார்த்துக் கட்டவேண்டுமாம் என்று வேலையிடத்தில் கதைத்தார்கள். போர்கோ வெக்கியோவில் நாங்கள் இருக்கிற வீடு என் மனுசனின் பெயரில் இருக்கிறது. அதனால் இன்று இருவரும் ஒரு வரி ஆலோசகரிடம் போனோம். மொழிபெயர்க்க மகள் ஆரணியும் வந்தாள். ஆலோசகரான அந்த சிக்னோரா எங்கள் பத்திரங்களைப் புரட்டிவிட்டு, "இவர் உங்களுக்கு என்ன உறவு?" என்று கேட்டாள்.

நான் தாலியை எடுத்துக் காட்டினேன்.

இஞ்சை கோயிலில் கட்டிய தாலி. கந்தோரில் பதிகிற கலியாண எழுத்தைப் பிறகு பார்ப்பம் என்று விட்டது, அப்படியே மறந்து போனோம்.

"அம்மா, சட்டப்படி நீங்கள் அப்பாவுக்கு ஒருத்தருமில்லையாம்! அவருக்குப் பிறகு வீடு முழுக்க எனக்குத்தானாம். உயில் எழுதினாலும் நீங்கள் பிறத்தியாளாம், எட்டு வீதம் வரியாம். எழுத்து முடிஞ்ச மனுசியெண்டால் இந்த வீட்டுக்கு அந்த வரியே இல்லையாம்."

ஆரணி மொழிபெயர்த்துச் சொல்லி முடித்தாள். திரும்பி வரும்போது வுச்சீரியாச் சந்தையில், மீன்காரன் பார்த்துக்கொண்டிருக்க, இவர் நடுத்தெருவில் நின்றார்.

"இஞ்சேரும், என்னைக் கலியாணம் முடிக்கிறீரோ?"

அந்த நாளில் இவருடைய அக்கா என் அண்ணனிடம்தான் கேட்டார். என்னிடம் ஒருவரும் கேட்கவில்லை.

"யோசிச்சுச் சொல்லுறன்," என்றேன். ஆரணி "மம்மா!" என்று கத்தினாள்.

கலியாணக் கூறைச்சேலையை எடுத்துத் தோளில் போட்டுப் பார்த்துவிட்டேன். பக்கத்தில் இவர் புரண்டு புரண்டு படுக்கிறார். படுக்கட்டும். ஓமென்று காலையில் சொல்கிறேன்.