மூன்று லாரிக்காரன் மருமகள்

திங்கள். காலையிலிருந்து தூறல்.
பினாங்குப் பாலத்தில் நெரிசல். லாரியை ஓட்டியது நான் என்பதால் வெங்காயம் நேரத்துக்கு வந்தது. வேறு எவனாவது என்றால் முளைத்திருக்கும்.

தங்கை மகள் ரேவதி போன். காலேஜ் பெண்கள் சங்கத்தில் சேருகிறாள். ஜெலுத்தோங்கில் எல்லோரும் ஒரே வீடு, ஒருவருக்கொருவர் அக்கா தங்கை. சேரக் கட்டணம் முந்நூறு வெள்ளி. வாடகை தனி. எல்லோரும் ஒரே நிறத்தில் உடுத்த கெபாயா, அதுவும் தனி. "இந்த வீடு கிடைக்கலன்னா தினமும் சுங்கை பாக்காப்லேர்ந்து பஸ்லா மாமா. படிச்ச மாதிரிதான்."

கட்டுகிறேன் என்றேன். போன வாரம் அந்த வீட்டைப் பார்க்க நானும் போயிருந்தேன். பெண்கள் தேத்தண்ணி கொடுத்தார்கள். கொஞ்சம் பேசினேன்.

ஆனாலும் சந்தேகம். அக்கா தங்கை ஆக எதற்குக் காசு? என் தங்கை எனக்குச் சும்மாதான் கிடைத்தாள்.

புதன். வெயில். இடுப்பு வலி.
புதுச் செலவு. சேருகிறவள் வீட்டார் சங்கத்துப் பெண்கள் அத்தனை பேருக்கும் ஒரு வேளைச் சாப்பாடு பெலஞ்சா செய்ய வேண்டுமாம். வழக்கமாம். மற்றவர்கள் ஆளுக்கொரு தட்டு மீகோரெங் நூடுல்ஸோடு முடித்தார்களாம். நம்மிடம் மட்டும் பெரிய ஹோட்டல் கேட்கிறார்கள்.

கும்பல். சோப்பு விற்கும் சங்கிலி வியாபாரமாக இருக்கும். போலீசுக்கே துப்புக் கொடுத்தவன் நான். (ஒரு தடவை. பாதித் துப்பு.)

வியாழன்.
அந்த வீட்டெதிரே லாரியை நிறுத்தி நோட்டம். கொடியில் துணி. ஒருத்தி சைக்கிள் கழுவினாள். சந்தேகப்படும்படி ஒன்றும் இல்லை. அதுதான் சந்தேகம்.

வீட்டுத் தலைவி சாந்தி கேட்டைத் திறந்து வந்தாள்.
"அங்கிள், மத்த ரெண்டு லாரி எங்க?"
"எந்த ரெண்டு?"
"அன்னைக்கி நீங்கதானே சொன்னீங்க, மூணு லாரி, பினாங்கு வெங்காயத்துல பாதி உங்களோடதுன்னு. அதான் ஹோட்டல் கேட்டோம். வசதிக்குத் தக்கதான் இங்க."

இந்த லாரி முதலாளியுடையது. மற்ற இரண்டும் பேச்சு வேகத்தில் வந்தவை.

வெள்ளி.
ரேவதி போன். "மூணு லாரி கதைய சாந்தி சொன்னா. வேணாம் மாமா. பஸ்லயே போய்க்கிறேன்." திட்டவில்லை. திட்டியிருந்தால் சாப்பாடு இறங்கியிருக்கும்.

சனி. மழை விட்டது.
பழைய சட்டையில் போனேன். ரேவதியும் பெட்டியோடு லாரியில். கூடத்தில் அத்தனை பெண்கள். சொன்னேன்: மூன்று லாரியும் போய்விட்டது. ஒன்று பள்ளத்தில், இரண்டு கடனில். இனி சம்பளத்துக்குத்தான் ஓட்டுகிறேன். பள்ளத்தின் ஆழம்கூடச் சொன்னேன். ஒருத்தி கண்ணைத் துடைத்தாள். ரேவதி குனிந்து நின்றாள், தோள் குலுங்கியது. சிரிக்கிறாள், கழுதை.

சாந்தி: "ஐயோ, ஹோட்டலெல்லாம் வேணாம் அங்கிள். தேத்தண்ணி போதும்லா."

பெட்டியை மாடிக்கு நானே தூக்கினேன்.

கிளம்பும்போது கையில் மீகோரெங் பொட்டலம் திணித்தார்கள். காசு வாங்கவில்லை. லாரியில் பிரித்துக் கிளறிப் பார்த்தேன். முட்டை இரண்டு. வழக்கமாக ஒன்றுதான். எனக்கு எதற்கு இரண்டு?